கழுவி அணைத்த அடுப்பு

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. என்னிடம் கேட்டு வாங்குகிறார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஓர் அமைப்பு, எங்கள் ஊர்க் கோழி எருவிலிருந்து கேஸ் எடுக்கக் காசு கொடுத்தது. இப்போது அவர்களுக்கு ஒரு 'வெற்றிக் கதை' வேண்டுமாம். ஒரு பக்கம் போதுமாம். முடிவு மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமாம். வெற்றி வருவதற்கு முன்பே அதன் கதையைக் கேட்கிறவர்களை என்ன சொல்வது?

நான் பொன்னன். முட்டை லாரி ஓட்டியவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. யாரையும் லேசில் நம்ப மாட்டேன். ஆபீஸிலிருந்து வந்த சௌந்தர்யா என்ற பெண் அதற்காகவே என்னைப் பிடித்தாள்.

"நம்பாத ஆள் எழுதுனாத்தானுங்க ஐயா, படிக்கறவங்க நம்புவாங்க."

அதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "எருமப்பட்டிக்குக் கிழக்கே, பசுமை கொஞ்சும் ஓர் அழகிய சிற்றூரில்..."

பொய். எங்கள் ஊர் நாறும். கோழிப்பண்ணை உள்ள ஊர் வேறெப்படி இருக்கும்? அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பூமி சூடாகிறது. அதற்குக் காரணம் யாதெனில்..."

யாதெனில் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எரு குவிந்து கிடந்தால் மீத்தேன் என்ற வாயு கிளம்பி, மேலே போய்ச் சூட்டைக் கூட்டுகிறதாம். அதையே தொட்டியில் பிடித்து அடுப்பில் எரித்தால் கெடுதல் குறையுமாம். சோறும் வெந்துவிடும். குறைகிற கெடுதலுக்கு எங்கேயோ இருக்கிறவர்கள் காசு தருகிறார்கள்.

[நாற்றத்துக்குக் காசு தருகிற ஆளை நான் லாரியில்கூட ஏற்றியிருக்க மாட்டேன். இந்த வரி இருக்கலாமா? இருக்கட்டும்.]

மூன்றாம் தொடக்கம்: "அங்காளம்மாள் இருமினாள்."

இது நிற்கும்.

3

அங்காளம்மாள் எங்கள் ஊரில் இட்லிக் கடை வைத்திருப்பவள். கடை அடுப்பு எரிவது சீமைக்கருவேல விறகில். புகையை விடு, இல்லையென்றால் கடையை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்ணைத் தொட்டியிலிருந்து முதல் தெருவுக்குக் கேஸ் குழாய் வந்துவிட்டது. அவள் தெருவுக்கு வரவில்லை. அடுத்த தவணைக் காசு கிடைத்தால்தான் வரும். அதற்கு முதல் தெருவில் அடுப்பு எரிவதை சௌந்தர்யா கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கதையில் அங்காளம்மாளைச் சாதுவாக வைத்தேன். படிக்கிறவர்களுக்கு மனசு இளகும் அல்லவா? எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

"யாருண்ணா இது, வாயில்லாப் பூச்சியாட்ட? நா இப்பிடியா பேசறேன்?"

"காசு குடுக்கறவங்க படிக்கறது, அங்காளு."

"அப்பன்னா நல்லா வையறாப்பல எழுது. சாதுவா இருந்தா எங்குழாயி பக்கத்தூட்டுக்குப் போயிரும்."

மாற்றிவிட்டேன்.

4

பண்ணை உள்ள ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால், பலகாரத்துக்கு மாவு பிசைவதற்கு முன்பே ஷெட்டைக் கழுவிப் பினாயில் ஊற்றுவார்கள். நாற்றத்தைக் காரணம் சொல்லிச் சம்பந்தம் போய்விடக் கூடாதே!

சௌந்தர்யா வருகிறாள் என்று தெரிந்ததும் பண்ணைக்காரன் மணியன் அதைத்தான் செய்தான். ஒரு நாளல்ல, ஒரு வாரம். ஊரும் சேர்ந்துகொண்டது. நானும்தான் வாளி தூக்கினேன். கழுவிய தண்ணீரும் எருவும் போக வேண்டிய இடத்துக்கே போயின.

5

சௌந்தர்யா வண்டியை விட்டு இறங்கிக் காற்றை மோப்பம் பிடித்தாள்.

"என்னங்க, நாத்தமே காணோம்?"

மணியனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "எப்புடிங்க அம்மிணி! தரை, சந்து, எரு, ஒண்ணு வுடல. கேன் கேனாப் பினாயிலு."

"எருவுலயுமா? அந்த எரு எங்கீங்க?"

"கேஸ் தொட்டீலதானுங்க."

அவள் முகம் மாறியது. நேரே முதல் தெருக் கந்தம்மாள் வீட்டுக்குப் போய் அடுப்பைத் திருகினாள். ஒரு புஸ்ஸுகூட வரவில்லை.

"தொட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குதுங்க. அது எருவைத் தின்னாத்தான் கேஸ். நீங்க அதைக் கொன்னுட்டீங்க."

அங்காளம்மாள் மணியன் பக்கம் திரும்பினாள்.

"ஏனப்பா மணியா, அந்தப் புள்ள உம்மவளப் பொண்ணு பாக்கவா வந்துச்சு? பீ நாத்தத்தைப் பாக்க வந்தவங்களுக்குப் பினாயில மோந்துபாக்கக் குடுத்திருக்கறயே!"

முதலில் சிரித்தது சௌந்தர்யாதான். வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மணியன்கூடச் சிரித்தான்.

[இங்கே சௌந்தர்யாவைப் பொல்லாதவளாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டேன், முறைக்க வைத்தேன். ஒட்டவில்லை. விலா நோகச் சிரிக்கிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?]

சிரித்து முடித்தாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. "எரியறதப் பாக்காமப் போட முடியாதுங்க. தவணைக் காசு திரும்பிப் போயிராம மாசக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிக்கறேன். தொட்டியக் கழுவிக் காலி பண்ணிப் புது மாட்டுச் சாணம் கரைச்சு ஊத்துங்க, பூச்சி திரும்ப வரும். வெறும் தண்ணீல கழுவுங்க!"

6

"அடுத்த நாள் ஊரே திரண்டு..." என்று தொடங்கினால் அரசாங்க விளம்பரம் போல இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். மாரியம்மனுக்குத் தீர்த்தக்குடம் எடுக்கிற ஊர் எங்களுடையது. அதே வரிசை, அதே தப்பட்டை. குடத்தில் மட்டும் சாணம். குழாய் வந்த தெருவும் வராத தெருவும் கலந்து நடந்தன. முன்னால் மணியன், தோளில் வழிய வழிய.

"மணியா, மேல ஒழுகுதே! பினாயிலு போட்டுக் குளிச்சறாதே" என்று அங்காளம்மாள் கத்தினாள். இடையிடையே இருமலும்தான். இருமலை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை.

7

முடிவு, ஒன்று: அடுப்பு எரிகிறது, கையெழுத்து விழுகிறது, குழாய் வருகிறது, இருமல் நிற்கிறது. ஆபீஸுக்குப் பிடித்தது.

முடிவு, இரண்டு: எதுவும் நடக்கவில்லை. நான் வழக்கமாக நம்புவது.

நடந்தது வரைக்கும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை கந்தம்மாள் வீட்டு அடுப்பு பற்றிக்கொண்டது. சின்னதாக, நீலமாக. தெருவுக்கே காப்பி போட்டாள். நிஜத் தீதானா என்று மணியன் விரலை விட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டான். அங்காளம்மாள் காப்பியைக் குடிக்காமல் தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சௌந்தர்யா மட்டும் அங்கே இல்லை. மாசக் கடைசிக்கு அதிக நாளும் இல்லை.

"எரியுதுன்னு எழுதிப்போடுண்ணா" என்றாள் அங்காளம்மாள். எழுதிவிட்டேன். ஆனால் எவனையும் நம்பாத நான், என்னை நம்புங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

ஆகவே நம்ப வேண்டாம். முடிவை எழுதாமல் விடுகிறேன். கையெழுத்துப் போடுகிற பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது. வந்து அடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டு நீங்களே எழுதுங்கள். ஒன்றே ஒன்று: வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். மணியனிடம் இன்னும் இரண்டு கேன் இருக்கிறது.