உப்பளக் காட்சிக்கு ஏழு நிமிடம்

எங்கள் குழுவுக்கு ‘ஈர மின்சாரம்’ என்று பெயர் வைத்தது தம்பி. ஆர்கன் வாசிக்கும் அக்காவின் கூடப்பிறந்தவன் என்பதால் எங்கள் எல்லாருக்குமே அவன் தம்பிதான். கிதாரும் பாட்டும் அவனுடையவை. பேஸ் கிதாருக்கு நெட்டை. டிரம்ஸுக்கு நான். எனக்கு வயிற்றுப்புண், பாலைத் தவிர எதுவும் உள்ளே தங்காது. அதனால் பால்காரன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சைகெடெலிக் ராக் என்றாலே போதையில் மிதக்கிற கூட்டம் என்று நினைத்து மேடைக்குப் பின்னால் வருகிறவர்கள், ஆசையாக என் பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு முகம் தொங்கிப் போவார்கள்.

மேடையில் எங்கள் பாட்டு ஒன்று இருபது நிமிடம் ஓடும். முதலில் நாலு வரி, கடைசியில் நாலு வரி. நடுவில் தம்பியின் கிதார் போகிற பக்கமெல்லாம் நாங்கள் மூவரும் போவோம். எப்போது முடியும் என்று அவனுக்கே தெரியாது. திடீரென்று தலையை ஒரு வெட்டு வெட்டுவான். அதுதான் முடிவு.

முதல் ஆல்பம் வெளிவந்த நாலாவது மாதம் ஒரு டைரக்டர் எங்களைத் தேடி வந்தார். எங்களுக்கு அடுத்தது இரண்டாவது ஆல்பம் என்றால், அவர் எடுத்துக்கொண்டிருந்ததும் அவருடைய இரண்டாவது படம். அலுவலகத்துக்குக் கிளம்பிய ஒரு குமாஸ்தா பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கடலைப் பார்க்க நடக்கத் தொடங்குகிறான். அவ்வளவுதான் கதை.

“உங்க ஆல்பத்தைக் கேட்டப்போ அவன் நடக்கறது என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. பதிமூணு இடத்துல இசை வேணும். ஸ்டூடியோ எட்டு நாள் கிடைச்சிருக்கு. அந்தப் பதிமூணையும் சேர்த்து ஆல்பமாவும் போட்டுக்கலாம்” என்றார்.

தம்பி உடனே சரி என்றான். அக்காதான் கேட்டாள்: “ஒவ்வொரு இடமும் எவ்வளவு நேரம் சார்?”

“ரெண்டு நிமிஷம். சிலது ஒண்ணரை.”

நெட்டை என்னைப் பார்த்தான். நான் பிளாஸ்க்கைப் பார்த்தேன்.

ஸ்டூடியோ ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. காலை ஒன்பதுக்குத் திறப்பார்கள். மாலை ஆறுக்குப் பூட்டிவிடுவார்கள். எதிர் அறையில் படத்தின் எடிட்டர் வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற பெண்மணி. சுவர் முழுக்க கிளிப்புகளில் பிலிம் துண்டுகள் தொங்கின. வேண்டாத துண்டுகள் கீழே ஒரு துணிப் பையில் கிடந்தன. பதிவு அறையில் படத்தைப் போட்டுக் காட்ட வசதி கிடையாது. எனவே எடிட்டர் ஒரு ஸ்டாப்வாட்ச்சோடு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வாசிப்போம். நேரம் முடிந்ததும் ஒரே குரலில், கோபமும் இல்லாமல் தயவும் இல்லாமல், “நேரம் ஆச்சு” என்பார்.

முதல் நாலு நாளில் ஏழு துண்டுகளை எப்படியோ முடித்தோம். பஸ்ஸுக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று, நாய் துரத்துவதற்கு ஒன்று. நாய் துண்டு எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் பாதி வேலை டிரம்ஸுக்குத்தான். ஆனால் தம்பி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தான். அவன் சூடு பிடிப்பதற்கே மூன்று நிமிடம் ஆகும். இங்கே அதற்குள் கதை முடிந்துவிடுகிறது.

ஐந்தாம் நாள் உப்பளக் காட்சி. வெள்ளை வெளேரென்று உப்பு; குமாஸ்தா அதன் குறுக்கே நடக்கிறான். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. காலையிலிருந்து பதினோரு முறை வாசித்தோம். பதினோரு முறையும் “நேரம் ஆச்சு” என்ற குரலைத் தாண்டி தம்பி போய்க்கொண்டே இருந்தான். ஒரு முறை ஆறு நிமிடம் போனான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்துக்கு ஆகாது.

பன்னிரண்டாவது முறைக்கு முன்னால் அக்கா சொன்னாள்: “ஒரு தடவையாவது நிறுத்தக் கத்துக்கோயேன்டா.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. மேடையில் அவனைச் சமாளிப்பவளே அவள்தான்.

“எங்கே நிறுத்தணும்னு கடிகாரம் சொல்லுமா?” என்றான் தம்பி.

“நமக்குக் குடுத்த வேலை இதுதானே?”

“அப்போ மொத்தமாவே நிறுத்திடறேன்.”

கிதாரின் ஒயரைப் பிடுங்கினான். பெட்டியைக்கூட எடுக்காமல், வெறும் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். எடிட்டர் ஸ்டாப்வாட்ச்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா தனியாக வந்தாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். “கதவைச் சாத்திக்கிட்டு படுத்திருக்கான். சாப்பாட்டுத் தட்டு வெச்சது வெச்சபடி இருக்கு” என்றாள். கண் சிவந்திருந்தது. டைரக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் உலாத்தினார்.

அக்கா எதிர் அறைக்குப் போனாள். “அந்த ஆள் நடக்கறதை நான் ஒரு தடவை பாக்கலாமா? இதுவரைக்கும் கேள்விப்பட்டதோட சரி.”

எடிட்டர் தம் மேஜையிலிருந்த சின்னத் திரையில் ஓட்டிக் காட்டினார். நெட்டையும் நானும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். ஒரு நிமிடம் ஐம்பதில் முடிந்துவிட்டது.

“இவ்வளவுதான் எடுத்தீங்களா?”

“எடுத்தது நிறைய. வெட்டினதுதான் இவ்வளவு.” எடிட்டர் துணிப் பையைக் கிளறி நாலைந்து துண்டுகளை எடுத்தார். அவற்றில் குமாஸ்தாவின் ஒரு செருப்பு உப்புச் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. இழுத்துப் பார்க்கிறான், வரவில்லை. நிற்கிறான். வந்த வழியை ரொம்ப நேரம் திரும்பிப் பார்க்கிறான். பிறகு மற்ற செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடக்கிறான்.

அக்கா பதிவு அறைக்குத் திரும்பினாள். நேரே வந்து ஆர்கன் முன்னால் உட்கார்ந்தாள். சவுண்ட் இன்ஜினியர் அவசர அவசரமாக டேப்பை ஓட்டினார்.

இடது கையில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வலது கையால் மெதுவாக அதைச் சுற்றி வந்தாள். எங்களுக்குச் சைகை எதுவும் இல்லை. பின்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த எடிட்டரைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் தாண்டியது எனக்கே தெரிந்தது. அவர் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தார். அக்கா நடுவில் ஓரிடத்தில் வலது கையை எடுத்துவிட்டாள். அந்த ஒற்றைச் சுரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. செருப்பை இழுக்கிறவன் நிற்கிற இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. அதற்கப்புறம் பஞ்சு சுற்றிய குச்சியால் நான் பெரிய டிரம்மை லேசாகத் தொட ஆரம்பித்தேன். நெட்டை ஒரே நரம்பில் சேர்ந்துகொண்டான். அவள் எப்போது முடித்தாள் என்பது கை மடிக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“ஏழு நிமிஷம் நாலு நொடி” என்றார் எடிட்டர்.

“ஐயோ! நீங்க ஏன் நேரம் ஆச்சுன்னு சொல்லல?”

“மறந்துட்டேன்.”

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் உடனே படம் ஞாபகம் வந்துவிட்டது. “பிரமாதம். ஆனா எனக்கு ஒண்ணு ஐம்பதுதான் இடம். முன்னாடிப் பகுதியை மட்டும் எடுத்துக்கலாமா?”

“வேண்டாம். படத்தை நீட்டறேன்” என்றார் எடிட்டர். “துண்டெல்லாம் பையிலதான் இருக்கு.”

“ஏழு நிமிஷம் ஒருத்தன் சும்மா நடந்தா ஜனங்க எழுந்து போயிடுவாங்க. தயாரிப்பாளர் என்னை உப்பு தடவிக் காயப்போட்டுடுவார்.”

“காயப்போடறப்போ என்னையும் கூப்பிடச் சொல்லுங்க.”

எடிட்டர் இரண்டு நாள் தம் அறையை விட்டு நகரவில்லை. நாங்கள் மீதித் துண்டுகளில் கிதார் இல்லாமல் முடிந்தவற்றை முடித்தோம். குமாஸ்தா ஒரு கடையில் நுழையும்போது அங்கிருக்கும் ரேடியோவில் ஒலிக்க வேண்டிய ஒன்றரை நிமிட நடனப் பாட்டு மட்டும் பாக்கி. கிதார் இல்லாமல் அது நகராது.

எட்டாம் நாள் காலையில் தம்பி வந்தான். யாரும் அழைக்கவில்லை. தாடியோடு, கையில் கிதாரோடு வந்து, “அந்த உப்பளம் என்ன ஆச்சு?” என்றான்.

டைரக்டருக்கு உயிர் வந்தது. “தம்பி, சரியான நேரத்துக்கு வந்தீங்க. அக்கா வாசிச்சதைக் கேளுங்க. அது மேல உங்க கிதார் கொஞ்சம் ஏறிச்சுன்னா எங்கேயோ போயிடும். உங்க கிதாருக்காகத்தானே ஜனங்க ஆல்பம் வாங்குவாங்க!”

டேப்பை ஓட்டினார்கள். தம்பி கண்ணை மூடிக் கேட்டான். இன்னொரு முறை கேட்டான். கிதாருக்குச் சுருதி சேர்த்து, ஒயரை மாட்டி, மூன்றாம் முறை ஓட்டச் சொன்னான். விரல்கள் நரம்பின் மேல் இருந்தன. ஏழு நிமிடமும் அவை அசையவில்லை.

“இதுல எனக்கு இடம் இல்லக்கா.”

அக்காவின் முகம் சுண்டியது. “இன்னும் கோபமாடா?”

“கோபத்துல சொல்லல. மூணு தடவை கேட்டாச்சு. கை போகல.” ஒயரைக் கழற்றப் போனவன் நிறுத்திக்கொண்டான். “நீ வீட்டுல ஒரு தடவைகூட இப்படி வாசிச்சதே இல்லையே.”

“நீ எப்போ இடம் விட்டே?”

நெட்டை வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தம்பிக்கு முகம் சிவந்தது. பிறகு அவனும் சிரித்தான். “சரி, மிச்சம் என்ன இருக்கு, சொல்லுங்க” என்றான். அந்த ரேடியோ பாட்டை, தான் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்த மாதிரிப் பாட்டை, மதியத்துக்குள் முடித்துக் கொடுத்தான். நாலு நொடி கூடிப்போயிற்று.

“பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்” என்றார் எடிட்டர்.

படம் வெளியானது. முதல் நாள் நாங்கள் நால்வரும் எடிட்டரும் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். உப்பளக் காட்சியில் பதினைந்து பேராவது எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் இருமக்கூட இல்லை. படம் ஒன்பது நாள் ஓடியது. டைரக்டர் அதற்குப் பிறகு விளம்பரப் படங்கள் எடுக்கப் போய்விட்டார்.

ஆல்பம் மட்டும் நிற்காமல் விற்றது. படத்தையே பார்க்காதவர்கள், உப்பளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அந்த ஏழு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். ஆனால் கம்பெனிக்காரர்கள் அட்டையில் ஒரு பிழை செய்திருந்தார்கள். பதிமூன்று துண்டுகளுக்கும் மொத்தமாக ‘கிதாரும் இசையும்’ என்று தம்பியின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தாள். வேறெதுவும் செய்யவில்லை. தம்பிதான் அட்டையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு மூன்று முறை அலைந்து, இரண்டாம் அச்சில் திருத்தவைத்தான்.

அதற்குள் முதல் அச்சு ஊரெல்லாம் பரவியிருந்தது. அடுத்த வருடம் ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்குத் தம்பியைக் கூப்பிட்டார்கள். அக்கா வீட்டில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

“உப்பளத்துல உங்க கிதார் எவ்வளவு அடக்கமா இருக்கு! இருக்கற இடமே தெரியல. அதை எப்படிச் சாதிச்சீங்க?” என்றார் பேட்டி எடுத்தவர்.

“அன்னிக்கு நான் வீட்டுல கோவிச்சுக்கிட்டு படுத்திருந்தேன்” என்றான் தம்பி. “அது எங்க அக்கா வாசிச்சது.”

பேட்டி எடுத்தவர் பெரிய நகைச்சுவையைக் கேட்டதுபோல் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தப் பக்கம் அக்கா ரேடியோவைப் பார்த்து, “உண்மையத்தான்யா சொல்றான்!” என்று சத்தம் போட்டாள்.