காயாத தரை

அம்மாவின் கட்டிலில் தொங்கிய தாளில் மூன்று நாளாக ஒரே வரி: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’ வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அதைப் படித்துக் கொதிக்கும் பாக்கியமும் எனக்கே.

இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்து நாலு நாள். அறுவை முடிந்த மறுநாளே காலை ஊன்றி நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், அப்புறம் எழவே மாட்டாள். தினமும் பத்து மணிக்கு பிசியோதெரபிக்காரர் வாக்கரோடு வருவார். அம்மா கட்டில் விளிம்புக்கு நகர்வாள், தரையைப் பார்ப்பாள், “அப்புறம் பாக்கலாம் தம்பி” என்று படுத்துவிடுவாள். அவருக்கு இன்னும் இருபது கட்டில். எழுதிவிட்டுப் போய்விடுவார்.

“ஒட்டாத எலும்புடி. மூணு மாசம் அசையவே கூடாது,” என்றாள் பார்க்க வந்த அத்தை.

“நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க அத்தை?”

“வாய் மட்டும் நல்லா வளந்திருக்கு.”

நாலாம் நாளும் அம்மா படுத்துவிட்டாள். அவர் போனதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“வலியா, பயமா? சொல்லித் தொலையேம்மா.”

அம்மா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தரை ஈரமா இருக்குடி. அந்தப் பொண்ணு இப்பதான் தொடச்சிட்டுப் போறா.”

இருபத்திரண்டு வருஷமாக ஓர் ஆபீஸில் ஆறு மாடிப் படி துடைப்பவள் அம்மா. துடைத்ததை மிதிக்காமல் பின்பக்கமாகவே இறங்குவாள். அப்படி இறங்கித்தான் விழுந்தாள். அவள் துடைத்த ஈரத்தில் செருப்போடு ஏறிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒருத்தர்கூட நின்றதில்லை.

“பிசியோதெரபி சார்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொன்னா அவளத்தான் திட்டுவாங்க.”

சண்டை போடும் வேகத்தில்தான் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். வாளிப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சண்டை வரவில்லை.

“நாளைக்கு எங்க கட்டில்லேருந்து ஆரம்பிக்கிறீங்களாக்கா? பத்து மணிக்குள்ள காஞ்சிடும்.”

“இவ்வளவுதானா? காலையில வந்ததும் தொடச்சிடறேன், போ.”

மறுநாள் அம்மா குதிகாலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வாக்கரைப் பிடித்தாள். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

“கைய எடும்மா,” என்றார் பிசியோதெரபிக்காரர். “நீயே சுமந்தா அவங்க கால் எப்ப சுமக்கும்?”

எடுத்தேன். மொத்தக் கனமும் அந்தக் காலில் இறங்கியது. அம்மா உதட்டைக் கடித்தாள், முகம் வெளுத்தது. ஓர் அடி. இரண்டு. நாலு.

“போதும், மெதுவா திரும்புங்க.”

“எதுக்குத் திரும்பணும்?” பின்பக்கமாகவே நாலு அடி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் வாயைப் பிளந்து பார்த்தார். அம்மா மூச்சு வாங்கியபடி தரையைக் காட்டினாள். வியர்த்த பாதத்தின் தடம் வரிசையாகக் கிடந்தது.

“அதத் தொடச்சிடுடி. அந்தப் பொண்ணு பாத்தா சங்கடப்படுவா.”

துடைத்தேன். வேறென்ன செய்ய.