நான்காம் எண் அறை

குந்தவை தஞ்சாவூரில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. முந்தைய நாள் மாலை கிள்ளானில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவள், விமான நிலையத்து நாற்காலியிலும் திருச்சிப் பேருந்தின் பின்னிருக்கையிலும் கண்ணை மூடிப் பார்த்தாள்; தூக்கம் வரவில்லை. முதுகில் பதினொரு கிலோ மூட்டை. கையில் மலேசியக் கடவுச்சீட்டு.

முப்பத்தாறு வயதில் முதன்முறையாகத் தனியே நாட்டை விட்டு வந்திருக்கிறாள். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் பதினோர் ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள். சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு, தஞ்சாவூரில் தொடங்கி இமயம்வரை ஐந்து வாரங்கள் சுற்றுவது என்பது திட்டம். அண்ணன் இளஞ்செழியன் மட்டும் அதை நம்பவில்லை. திருச்சியில் இறங்கியதுமே அவனுடைய குரற்செய்தி வந்திருந்தது. “நீ ஒரு நாள்கூடத் தாங்க மாட்ட. இன்னைக்கு ராத்திரி திரும்புற விமானத்துல இடம் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லு, டிக்கெட் போட்டுடறேன்.”

கேட்டவுடன் கோபம் வந்தது. பதினொரு மணிக்குள் அந்தக் கோபம் போய்விட்டது.

முன்பதிவு செய்திருந்த விடுதி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. மேசையிலிருந்தவர் நிமிராமலே, “ஆதார் குடுங்க” என்றார்.

“பாஸ்போர்ட்தான் இருக்கு.”

அவர் அதைப் புரட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் புரட்டினார். “நல்லாத் தமிழ் பேசுறீங்களே?”

“தமிழ்தாங்க. மலேசியா.”

“அப்ப ஃபாரினர். ஃபாரினரைத் தங்க வெச்சா போலீசுக்கு ஆன்லைன்ல எழுதிப் போடணும்ங்க. எங்களுக்கு அந்தப் பர்மிஷன் கிடையாது.” கடவுச்சீட்டை இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார். “பேரு வேற குந்தவை! ராஜராஜன் அக்காவுக்கே தஞ்சாவூர்ல இடமில்லேன்னு எவனாவது என்னைத் திட்டப்போறான்.”

இரண்டாவது விடுதியில் அனுமதி இருந்தது, அறை இல்லை. “ஆவணியில கடைசி முகூர்த்தம்ங்க நாளைக்கு. புரட்டாசி பொறந்துட்டா கல்யாணம் கிடையாது. ஊரே கல்யாண வீடாக் கெடக்கு.” மூன்றாவதில் அறை இருந்தது. “தனியாவா? லேடீஸ் தனியா வந்தா குடுக்கறதில்லம்மா” என்றார்கள். நான்காவதில் வாசற்படி ஏறும்போதே கையை விரித்துவிட்டார்கள்.

பெரிய கோயிலின் விமானம் இரண்டு தெருவுக்கு ஒரு முறை தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கக் கழுத்து ஒத்துழைக்கவில்லை. ஒரு மணி வெயிலில், வாழைமரம் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்தின் முன் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளைக் கண்டாள். இரண்டு நிமிடம் உட்காரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று நினைத்தாள், உட்கார்ந்தாள்.

இடுப்பில் சாவிக்கொத்துடன் ஓர் அம்மாள் ஓடிவந்தாள். “வாங்க வாங்க! ஏங்க வெளியிலேயே உக்காந்துட்டீங்க? வலங்கைமான்லேருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துடுச்சா?”

“இல்லைங்க, நான் மலேசியாவுல இருந்து…”

“மலேசியாவா! மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலையே எங்ககிட்ட! மாப்பிள்ளைக்கு அத்தை முறை ஆகணுங்களா?”

குந்தவை வாயைத் திறந்தாள். சரியான விடை அவளுக்குத் தெரியும். ஆனால், அதைச் சொல்லி முடிக்க ஐந்தாறு வாக்கியங்கள் வேண்டும். அத்தனை வாக்கியங்களுக்கு உடம்பில் தெம்பில்லை. “ம்” என்றாள்.

வந்தவள் மாலதி, மணப்பெண்ணின் சித்தி. மாப்பிள்ளை வீட்டு ஆளிடம் ‘நீங்கள் யார்’ என்று பெண் வீட்டார் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். கேட்டுவிட்டால், ‘எங்களைப் பார்த்து யாரென்று கேட்டவர்கள்தானே’ என்னும் பேச்சு, பிறக்கப்போகும் குழந்தைக்குக் காது குத்தும் நாள்வரை ஓடும். ஆகையால் மாலதி கேட்கவில்லை. மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு மாடியேறி, நான்காம் எண் அறையைத் திறந்துவிட்டாள். “ஏசி போட்டிருக்கேன். குளிச்சிட்டுப் படுங்க. சாப்பாடு மேலேயே வரும். எதுவும் குறையிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க, என்கிட்டச் சொல்லுங்க.”

வெந்நீர் வந்தது. இலையில் சாம்பாரும் ரசமும் இரண்டு பொரியலும் வந்தன. காப்பி வந்தது. ‘இப்போது இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம்’ என்று ஒவ்வொரு முறையும் எழுந்தாள். ஒவ்வொரு முறையும் கட்டிலிலேயே மறுபடி உட்கார்ந்தாள். அப்புறம் படுத்தாள். தலையணையில் கன்னம் பட்டதுதான் தெரியும்.

நான்கரை மணிக்கு, கதவுக்கு வெளியே எழுந்த சத்தம் அவளை எழுப்பியது.

“நாலு ரூம்னு சொல்லித்தானே அழைச்சீங்க? மூணைத்தான் காட்டுறீங்க. வயசான பொம்பளைங்க அஞ்சு பேரு மாடிப்படியில உக்காந்திருக்காங்க. குறுவை அறுப்பைப் பாதியில விட்டுட்டு வந்தது இதுக்குத்தானா?” இது ஓர் ஆணின் குரல்.

“நாலாம் நம்பர்ல உங்க மலேசியாக்காரங்கதாங்க படுத்திருக்காங்க, சம்பந்தி.” மாலதியின் குரல் தாழ்ந்திருந்தது.

“எங்களுக்கு ஏதும்மா மலேசியா? எங்க வீட்டுல எவனும் முத்துப்பேட்டையைத் தாண்டினதில்ல! ரூமை உங்க ஆளுங்களுக்குக் குடுத்துட்டு எங்க தலையில பழியைப் போடுறீங்களா? ராம்கி, வேனைத் திருப்புடா!”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. சத்தியமா அவங்களே சொன்னாங்க…”

குந்தவை கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பின்பக்கப் படிக்குப் போகும் கதவு ஒன்று இருந்தது. மூட்டையோடு அப்படியே இறங்கிவிட்டால், யாரும் அவளை மறுபடி பார்க்கப்போவதில்லை. மாலதிதான் பொய்க்காரி ஆவாள்.

முன்கதவைத் திறந்தாள்.

“தப்பு என்னோடது” என்றாள். “நான் யாருக்கும் சொந்தமில்லை. ஊர் சுற்ற வந்தவள். லாட்ஜ்ல எங்கேயும் இடம் தரலை. இவங்க கேட்டப்ப ‘ம்’னு சொல்லிட்டேன். இவங்க மேல எந்தக் குற்றமும் இல்லீங்க.”

வேனைத் திருப்பச் சொன்ன துரைக்கண்ணு, மணமகனின் பெரியப்பா, தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். மாலதி அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அவமானமே அதிகமாக இருந்தது.

“வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாது?” என்றாள்.

குந்தவை உள்ளே போய் மூட்டையைக் கட்டினாள். மணி ஐந்தேகால். கைபேசியை எடுத்து அண்ணனுக்கு ‘டிக்கெட் போடு’ என்று தட்டினாள். அனுப்பப்போகும் நேரத்தில், படியில் உட்கார்ந்திருந்த ஐவரில் ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து, கட்டிலில் சாய்ந்தாள். துரைக்கண்ணுவின் மனைவி ராசம்மாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“ஊருக்கு.”

“மலேசியாவுக்கா? இந்த மூஞ்சியோடவா? கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு.” வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். “இந்தாங்க, வேனைத் திருப்புறவரே! திருப்பிக்கிட்டுப் போய் யாருக்கு ஆக்கிப் போடப்போறீங்க? போய்க் காப்பி குடிங்க. கட்டில் எனக்கு. மத்தவங்க கீழ படுக்கட்டும். அஞ்சு பேரு படுக்கிற எடத்துல ஆறாவதா ஒருத்தி படுத்தா, ரூம் இடிஞ்சா விழுந்துடும்?”

“முன்னப்பின்னத் தெரியாத பொண்ணு…” என்று துரைக்கண்ணு இழுத்தார்.

“நாளைக்கு நம்ம வீட்டுக்கு வரப்போறவளையும் மூணு மாசத்துக்கு முன்னாடி நமக்குத் தெரியாது.”

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. மற்ற நால்வரும் வந்து, ஆளுக்கொரு பக்கம் பையை வைத்து இடம் பிடித்தார்கள். குந்தவைக்குச் சுவரோரமாக ஒரு முழ அகலம் கிடைத்தது. ‘போடு’ என்பதை அழித்துவிட்டு, ‘வேண்டாம்’ என்று அனுப்பினாள்.

ஆறு மணிக்கு மாலதி வந்தாள். கையில் ஒரு பாயும் ஒரு தலையணையும் இருந்தன. முகம் இன்னும் இறுகியே இருந்தது. பாயைச் சுவரோரம் போட்டுவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“முகூர்த்தம் ஆறரை மணிக்கு. நாலு மணிக்கெல்லாம் இவங்க எழுந்திருச்சிடுவாங்க, அப்புறம் உங்களுக்கு வெந்நீர் கிடைக்காது. மூணரைக்கே குளிச்சிடுங்க. கட்டிக்கப் புடவை இருக்கா?”

“இல்லைங்க.”

மாலதி பெருமூச்சு விட்டாள். “பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கீழே வரவேற்புக்கு மேளம் தொடங்கியிருந்தது. ராசம்மாள் அதற்குள் குறட்டை விட்டாள். குந்தவை கைபேசியில் மூன்றரைக்கு மணி வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.