ஏழரை மணித் தொடரும் ஒரு டம்ளர் தண்ணீரும்

தென்கொரியாவில், தேகு நகரின் பழைய சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருந்த கில்ஜாவோடு உட்கார்ந்து நாடகம் பார்ப்பது ஒரு வகையில் தண்டனைதான். திரையில் மழை தூறத் தொடங்கினாலே, "இப்ப அவன் குடையோட வருவான் பாரு" என்பாள். வருவான். கதாநாயகி தெருவைக் கடக்கக் காலெடுத்து வைத்தால், "லாரி! வெள்ளை லாரி!" என்பாள். லாரி வந்து அடிக்கும், அதுவும் வெள்ளையாகவே இருந்து தொலைக்கும்.

வாரநாட்களில் சியோலிலிருந்து ஏழரை மணிக்கு வரும் தொடருக்காக அவள் ஏழு மணிக்கே கடையை அடைத்துவிட்டு, அடுத்த சந்திலிருந்த பொக்ஹீயின் பார்லருக்குப் போய்விடுவாள். மீன் விற்கும் கும்ரேயும் வந்துவிடுவாள். தலை முழுக்கச் சுருள் குச்சிகளைச் சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, கையில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு கும்ரே உட்கார்ந்திருக்கும் கோலம், விண்வெளிக்குப் போகிறவள் வழியில் பசியாறுவதைப் போல இருக்கும்.

அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்த கதை, ரொட்டிக் கடைப் பெண் ஒருத்தியைப் பற்றியது. அவளுக்கு ஞாபகம் போயிருந்தது. அவளைக் காதலித்தவன் பெரிய கம்பெனி முதலாளியின் ஒரே மகன்.

"எப்பக்கா இவளுக்கு ஞாபகம் திரும்பும்?" என்று கேட்டாள் கும்ரே.

"கல்யாண மண்டபத்துலதான். ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதே திரும்பிட்டா கதைக்கு என்னடி மரியாதை?"

"அந்தப் பையன் பாவம்க்கா."

"என்ன பாவம்? கம்பெனிக்கு ஒருநாளாவது போயிருக்கானா அவன்? எப்பப் பாரு ஆத்தங்கரையில நின்னு அழுதுக்கிட்டு. அவன் சம்பளத்த யாரு குடுக்குறா?"

திரையில் முதலாளி ஏதோ கேட்டு அதிர்ச்சியடைந்து பிடரியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முடி கத்தரித்துக்கொண்டிருந்த பொக்ஹீ கத்தரிக்கோலை நிறுத்தினாள். "பணக்காரனுக்கெல்லாம் நோய் பிடரியிலயே வருது பாருங்க. நமக்கு முட்டியில வருது."

இதையெல்லாம் கில்ஜா சிரித்துக்கொண்டே பார்ப்பாள். மாமியார் காட்சி வந்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். முத்துமாலை போட்ட பணக்காரத் தாய் ஏழைப் பெண்ணை ஒரு காப்பிக் கடைக்கு வரச் சொல்வாள். பணம் வைத்த வெள்ளை உறை ஒன்றை மேசைமேல் தள்ளுவாள். "என் பிள்ளைய விட்டுப் போயிடு" என்பாள். பெண் உறையைத் திருப்பித் தள்ளினால் டம்ளர் தண்ணீர் அவள் முகத்துக்குப் போகும். எந்தத் தொடரானாலும் இது நடந்தே தீரும்.

"பொய்," என்பாள் கில்ஜா. "அப்பட்டமான பொய்."

ஏன் பொய் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய மாமியார் அவள்மேல் தண்ணீர் ஊற்றவில்லை, உறை நீட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. "உப்பு எங்கேன்னு உன் பொண்டாட்டிகிட்ட கேளு" என்று மகனிடம் சொல்வாள், கில்ஜா பக்கத்தில் நிற்கும்போதே. தண்ணீர் ஊற்றினால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று கில்ஜா பலமுறை நினைத்ததுண்டு. மாமியாரும் போய், கணவனும் போய், மகள் தாசோமை அவள் ஒண்டியாளாகவே வளர்த்து ஆளாக்கினாள்.

அந்தத் தாசோம்தான் ஒரு புதன்கிழமை கடைக்கு வந்து, கறுப்புக் காராமணித் தொடுகறியை விரலால் எடுத்துத் தின்றுகொண்டே குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, உக்ஜினோட அம்மா உன்னப் பாக்கணுமாம். தனியா. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு, ஏரிக்கரை ஹோட்டல்ல இருக்குற காப்பிக் கடையில."

உக்ஜின் எலும்பு மருத்துவன். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இருந்தது. தாசோம் அங்கேதான் நோயாளிகளின் கைகால்களைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தாள். இருவரும் பழகுவது கில்ஜாவுக்குத் தெரியும். ஆனால் காப்பிக் கடை என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கையிலிருந்த கரண்டி தாமரைக்கிழங்குச் சட்டியில் விழுந்தது.

"எதுக்காம்?"

"தெரியலம்மா. என்கிட்ட சொல்லமாட்டேங்குறாங்க. நீ ஏன் இப்படி முழிக்கிற?"

அன்று மாலை பார்லரில் ஏழரை மணித் தொடரை ஒருவரும் கவனிக்கவில்லை. தொலைக்காட்சி தன்பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது.

"உறைதான்," என்றாள் கும்ரே, தீர்ப்பு சொல்வதுபோல. "அக்கா, மழைக்கோட்டு போட்டுட்டுப் போங்க."

"போடி, பைத்தியம்!"

"சொன்னாக் கேளுங்க. ஜன்னலோர மேசைதான் புடிச்சு வெச்சிருப்பா. முதல்ல ரெண்டு நிமிஷம் பேசாம வெளியவே பாப்பா. அப்புறம் 'நீங்க கஷ்டப்பட்டு வளத்திருக்கீங்க'ன்னு ஆரம்பிப்பா. அந்த வார்த்த வந்துச்சுன்னா உஷாராயிடுங்க."

"உறையத் திருப்பித் தள்ளிடாதீங்கக்கா," என்றாள் பொக்ஹீ. "நாடகத்துல வர்ற பொண்ணுங்க எல்லாரும் அந்தத் தப்பத்தான் பண்றாங்க. வாங்கிட்டு வந்துடணும்."

"வாங்கிட்டு வந்து என்னடி பண்றது? உன் கடைக்கு ஏசி போடவா?"

"ஆமா, இங்கதானே நாடகம் பாக்குறீங்க."

பொக்ஹீ அவளுக்குத் தலைமுடியைப் புதிதாகச் சுருட்டிவிட்டு, காசு வேண்டாம் என்றுவிட்டாள். போருக்குப் போகிறவளிடம் காசு வாங்கக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை கில்ஜா மழைக்கோட்டு போடவில்லை. ஆனால் அலமாரியின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, கடைசியில் மலையேறும்போது போடும் செந்நிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். அதில் தண்ணீர் ஒட்டாது. குளிருக்காகத்தான் போடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜன்னலோர மேசைதான். முத்துமாலையும் இருந்தது. உக்ஜினின் அம்மா ரன்ஹீ அவளைவிட இரண்டொரு வயது இளையவளாகத் தெரிந்தாள். கில்ஜா வந்ததும் எழுந்து குனிந்து வணங்கினாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு பேசாமல் வெளியே ஏரியைப் பார்த்தாள்.

கில்ஜா ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கும்ரே சொன்னது அச்சுப் பிசகாமல் நடக்கிறதே!

பணிப்பெண் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். ரன்ஹீ தொண்டையைச் செருமினாள்.

"தாசோம் அம்மா... நீங்க தனியா நின்னு ரொம்பக் கஷ்டப்பட்டு வளத்திருக்கீங்க."

வந்துவிட்டது அந்த வார்த்தை.

"இதச் சொன்னாத் தப்பா எடுத்துக்குவீங்களோன்னு ராத்திரியெல்லாம் தூங்கல," ரன்ஹீ கைப்பையைத் திறந்தாள். வெள்ளை உறை வெளியே வந்தது. அதை இரண்டு கைகளாலும் மேசைமேல் தள்ளினாள். "தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லாம வாங்கிக்குங்க. பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம். இது நமக்குள்ளயே..."

கில்ஜா யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதையெல்லாம் முப்பது வருடமாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து யோசித்து முடித்திருந்தாள். அடுப்படியில் பேச்சற்று நின்ற அந்த இளம் மருமகள் அவளுக்குள் எழுந்து நின்றாள். ரன்ஹீயின் கை எங்கே டம்ளரை நோக்கிப் போய்விடுமோ என்று தன் டம்ளரை முந்திக்கொண்டு எடுத்தாள். வீசினாள்.

பக்கத்து மேசை இளைஞன், "ஷூட்டிங்கா?" என்று கேட்டு, கேமரா எங்கே என்று கூரையைப் பார்த்தான்.

ரன்ஹீயின் மூக்கு நுனியிலிருந்தும் முத்துகளிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். மெதுவாக, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்:

"தண்ணிய... நான்தானே ஊத்தணும்?"

கில்ஜா காலி டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

ரன்ஹீ நனைந்த உறையைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்து அவள்முன் விரித்தாள். ஆஸ்பத்திரியின் முத்திரை போட்ட, இரண்டு முழங்கால்களுக்கும் முழுப் பரிசோதனைக்கான சீட்டு.

"படி ஏறும்போது உங்களுக்கு முட்டி வலிக்குது, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குறீங்கன்னு தாசோம் அழுதுச்சு. அது வேலை பாக்குற இடத்துல இலவசமாப் பாத்துக்க உங்களுக்குக் கூச்சமாம். அதான் அதுக்குத் தெரியாமக் குடுத்துடலாம்னு..."

இப்போது கில்ஜாவின் கை தானாகவே பிடரிக்குப் போனது. நாற்காலியிலிருந்து சரிந்து மண்டியிடப் பார்த்தாள்.

"ஐயோ, மண்டி போடாதீங்க! எல்லாரும் பாக்குறாங்க," என்று ரன்ஹீ அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "ஏற்கெனவே முட்டி வலி. இதுல மண்டி வேறயா?"

"நான் மனுஷியே இல்ல. நீங்க உறையத் தள்ளுன உடனே நான்..."

"ரொட்டிக் கடைப் பொண்ண நெனச்சுட்டீங்க."

கில்ஜா நிமிர்ந்து பார்த்தாள். "ஏழரை மணித் தொடரா? நீங்க பாப்பீங்களா?"

"சத்தத்த அணைச்சுட்டுப் பாப்பேன்," ரன்ஹீ கைக்குட்டையால் காதுக்குள் போன தண்ணீரைத் துடைத்தாள். "வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு. கீழ எழுத்துப் போடுறதப் படிச்சுக்குவேன்."

ஈரத்தலையோடு அவளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. கில்ஜா செந்நிற ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டு, வாடகைக் காரில் நேரே பார்லருக்குக் கூட்டி வந்தாள். வாசலிலேயே காத்திருந்த கும்ரே, நனைந்த முத்துமாலையைப் பார்த்ததும் கையிலிருந்த பேரிக்காயைக் கடிக்க மறந்தாள்.

"யாருக்கா ஊத்துனது?"

"நான்தான்டி."

"சபாஷ்!"

"வாய மூடு. துண்டு எடுத்துட்டு வா."

பொக்ஹீ தலையைத் துவட்டி, முடியை உலர்த்தி, மறுபடி அலங்கரித்து முடிப்பதற்குள் மணி ஏழரை ஆகிவிட்டது. ரன்ஹீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சத்தத்தோடு அந்தத் தொடரைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"இவ குரல் இவ்வளவு கீச்சுன்னு இருக்குமா?" என்றாள் ஏமாற்றத்தோடு. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த மாமியார் பக்கமும் நியாயம் இருக்கு" என்றாள்.

கும்ரே தொலைக்காட்சியை விட்டு ரன்ஹீயைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன நியாயம்?" கில்ஜாவின் குரல் உயர்ந்தது.

"ஒத்தப் புள்ள. அந்தப் பொண்ணு அவன்கிட்ட ஒருநாளாச்சும் 'சாப்டியா'ன்னு கேட்டிருக்கா? எப்பவும் அவன் முதுகுல ஏறிக்கிட்டே வர்றா. அவன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? எலும்பு டாக்டரோட பொண்டாட்டி நான், எனக்குத் தெரியாதா?"

"அவ குடிச்சுட்டா அவன் தூக்கிட்டுத்தான் வரணும். நடுத்தெருவுல விட்டுட்டா வருவான்?"

"குடிக்கிறது ஏன்?"

"உங்கள மாதிரி ஒருத்தி உறை குடுத்தா குடிக்காம என்ன செய்வா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது கில்ஜாவுக்கு உறைத்தது. ரன்ஹீ அவளையே பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ரன்ஹீக்குச் சிரிப்பு அடங்கவில்லை, விக்கல் வந்துவிட்டது. விக்கலுக்குக் கும்ரே தண்ணீர் கொண்டுவர, அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பினிடையே கதவு படாரென்று திறந்தது. தாசோமும் உக்ஜினும் மூச்சிரைக்க நின்றார்கள். காப்பிக் கடையில் யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றி ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டிருந்தது. உக்ஜின் உள்ளே வந்ததும் வராததுமாகக் கில்ஜாவின் முன் மண்டியிட்டான்.

"எங்கம்மா என்ன பேசியிருந்தாலும் மன்னிச்சிடுங்க! நாங்க பிரிய மாட்டோம்!"

"எந்திரிடா," என்றாள் ரன்ஹீ. "டிவிய மறைக்கிற."

தாசோம் இரண்டு தாய்மாரையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததை ஒன்றுக்குப்பின் ஒன்றாகக் கேட்டபோது அவள் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது.

"நாங்க கல்யாணத்தப் பத்தி இன்னும் பேசவே இல்ல! பழக ஆரம்பிச்சு அஞ்சு மாசம்தான் ஆகுது! அதுக்குள்ள உங்கள யாரு தண்ணி ஊத்திக்கச் சொன்னது?"

"பேசலையா?" என்றார்கள் இரண்டு தாய்மாரும், மிகுந்த மனத்தாங்கலோடு.

அதற்குப்பின் ரன்ஹீ வாரத்தில் இரண்டு நாள் பார்லருக்கு வரத் தொடங்கினாள். தலை அலங்காரத்துக்கென்று வீட்டில் சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் தொடருக்கு நடுவே, விளம்பரம் ஓடியபோது, கில்ஜா தன் மாமியாரைப் பற்றி அவளிடம் சொன்னாள். உப்பைப் பற்றியும் சொன்னாள். ரன்ஹீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "இத யாரும் நாடகமா எடுக்கமாட்டாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"எடுத்தா யாரு பாப்பா? ரெண்டு பேரு சும்மா நிப்பாங்க."

"நான் பாப்பேன்," என்றாள் ரன்ஹீ. "எனக்குத்தான் சத்தம் இல்லாமப் பாத்துப் பழக்கமாச்சே."

கில்ஜா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில் தாசோம் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். கில்ஜா வெங்காயத்தாளில் மிளகாய் விழுதைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, உக்ஜின் கேட்டுட்டான். சரின்னு சொல்லிட்டேன்."

"எங்க கேட்டான்? ஆத்தங்கரையிலயா?"

"மருந்துக் கடை வாசல்ல. எனக்கு வயித்து வலி, மாத்திரை வாங்கப் போனோம்."

"மழை பெஞ்சுச்சா?"

"இல்ல."

"செர்ரிப் பூவாச்சும் கொட்டுச்சா?"

"அந்தத் தெருவுல மரமே கிடையாதும்மா. மாத்திரை முழுங்க வெந்நீர் வாங்கிட்டு வந்தான். குடிச்சு முடிச்சதும் கேட்டான்."

இத்தனை சப்பையான காட்சியைக் கில்ஜா எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. அதைச் சொல்லித் திட்ட வாயெடுத்தவள், மிளகாய்க் கையோடு அப்படியே முக்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தொடுகறி வாங்க வந்தவர்கள், வெங்காயத்தாள் இன்று கொஞ்சம் காரமோ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, வரிசையில் பொறுமையாக நின்றார்கள்.