டாக்டர் என்று அழைக்கப்பட்டவர்

கந்தர்வக்கோட்டைக் கால்நடை மருந்தகத்தில் அடைக்கலம் கம்பவுண்டராக இருந்தார். டாக்டர் புதுக்கோட்டையிலிருந்து வியாழக்கிழமைதோறும் வருவார். மற்ற நாள்களில் புண்ணுக்கு மருந்திடுவதும் கழிச்சலுக்குத் தூள் கொடுப்பதும் அடைக்கலத்தின் வேலை. ஊரார் அவரையே டாக்டர் என்றனர். தொடக்கத்தில் அவர் திருத்தினார். பின்னர் அச்சொல் காதுக்கு இதமாயிருந்தமையால் விட்டுவிட்டார்.

1957ஆம் ஆண்டு ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை காலை, மூக்காயியின் பசு கன்று ஈன முடியாமல் தவித்தது. கையை விட்டுப் பார்த்த அடைக்கலத்துக்குக் கன்று குறுக்கே கிடப்பது தெரிந்தது. அதைத் திருப்பத் தமக்குத் தெரியாதென்பதும் தெரிந்தது.

"டவுன் டாக்டருக்கு ஆள் விடவா, ஐயா? ஒம்பது மணி பஸ்ஸு இருக்கு" என்றாள் மூக்காயி.

"நம்ம டாக்டரு இங்கிட்டு நிக்கையில இன்னொரு டாக்டரு எதுக்கு?" என்று வேடிக்கை பார்த்தவருள் ஒருவன் சிரித்தான்.

பத்துப் பேர் நின்றனர். அடைக்கலமும் சிரித்து, "பாத்துக்கலாம் ஆத்தா" என்றார்.

உச்சிப்பொழுதுக்குள் பசுவும் கன்றும் இறந்துபோயின.

மூன்றாம் நாள் அவர் மூக்காயி வீட்டு வாசலில் போய் நின்றார். "நான் டாக்டர் இல்ல ஆத்தா. கம்பவுண்டர்தான்."

அவள் வெறுந்தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த பஸ்ஸு போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமுல்ல?" என்றாள்.

திரும்பும் வழியில், ஆடு ஓட்டிவந்த ஒருவன் கும்பிட்டு, "டாக்டரய்யா" என்றான்.

"கம்பவுண்டர்" என்றார் அடைக்கலம்.

அதைத் தன்னடக்கமென்று எண்ணி, அவன் இன்னும் பணிவாகக் கும்பிட்டான்.