இரண்டாவது ஆளின் எண்

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, சர்வர் அறைக்குள் மஃப்ளர் இரண்டு கம்பளிச் சட்டையோடு குந்தியிருந்தான். அந்த ஏசிக் குளிருக்குக் கழுத்தில் எப்போதும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே திரிந்ததில் அதுவே பெயராகிவிட, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம்.

பக்கத்தில் அக்கா கேபிள்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை; இந்த வேலைக்கு அவனை இழுத்து வந்தவள். அவள் வீட்டுக்காரருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ்; ஆபீஸ் கொடுத்த மருத்துவ அட்டையில்தான் ஓடுகிறது. அன்றைக்கெல்லாம் அவள் ஷிஃப்டையும் இவனே பார்ப்பான். இவன் காய்ச்சலில் கிடந்தால் அவள். மேனேஜருக்கு இது தெரியாதென்று இருவரும் நம்பினார்கள். தெரியாததுபோல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

இன்று காட்டப்போவது இருவரின் ஒரு மாதப் பாடு. இரண்டு சர்வர், முன்னால் ஒரு லோட் பேலன்சர். வருகிற வேலையை இரண்டுக்கும் பங்கு போடும். ஒன்று மூச்சை நிறுத்தினால் மொத்தத்தையும் மற்றதன் தலையில் கட்டும்.

பதினொரு மணிக்கு மேனேஜர் வந்து, முதல் சர்வரின் கேபிளைத் தம் கையாலேயே பிடுங்கினார். திரையில் ஒரு சிவப்பு. மூன்று விநாடி. கம்பெனியின் எந்த இணையப் பக்கமும் நிற்கவில்லை.

"அட! யாரும் தொடவே இல்லையே?"

அங்கே மஃப்ளர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பாராட்டுக்கு ஏங்கிய வாய் மூடுமா?

"ஆளே வேண்டாம் சார். அதுவே பாத்துக்கும்."

அக்காவின் கை லேபிளோடு நின்றது.

"அப்போ ரெண்டு பேரு எதுக்குப்பா?" மேனேஜர் சிரித்தார்.

மூன்று மணிக்கு அக்காவின் கையில் வேலைநீக்கக் கடிதம். மஃப்ளர் மேனேஜர் அறைக்கு ஓடினான்.

"சார், பேச்சுக்குச் சொன்னேன். டிஸ்க் போனா மாத்த ஆள் வேணும் சார்."

"அதான் நீ இருக்கியே."

"எனக்கு முடியாமப் போனா?"

"நல்லாத்தானே இருக்க?" அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "உன் வாய்க்கு ஒரு கேபிள் இருந்திருந்தா நானே பிடுங்கியிருப்பேன்டா."

"அக்கா..."

"விடு. அட்டை இந்த மாசக் கடைசி வரைக்கும் செல்லுமாம்."

அவள் போனதும் மேனேஜரிடமிருந்து மெயில்: சர்வர் படுத்தால் போன் போகிற எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து அவள் எண்ணை எடுத்துவிடு. எடுத்தான். திரை சேமிக்க மறுத்தது. 'இரண்டாவது ஆளின் எண் கட்டாயம்.' பூஜ்யங்களைத் தட்டிப் பார்த்தான், ஏற்கவில்லை.

முதல் கட்டத்தில் இருந்த தன் எண்ணையே இரண்டாவதிலும் அடித்தான்.

சேமிக்கப்பட்டது என்றது திரை.