அரிவாளின் பின்பக்கம்

எலும்புக்கூட்டுக்கு மிச்சம் மூன்று உயிர்ப்புள்ளி. எனக்கு ஒன்று. செத்தவர்கள், எத்தனை வாரம் ஆனாலும், ஆட்டம் முடியும்வரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. கல்லூரியில் இதுதான் கடைசி மாதம். எல்லோரும் வேலை கிடைத்து ஊர் ஊராகக் கிளம்புகிறார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்காத ஒரே இடம், நாகமலை புதுக்கோட்டையில் கார்த்திகேஷ் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஞாயிறுதோறும் நாலு மணி நேரம்.

கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவன் கார்த்திகேஷ். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிச் சண்டை போடுவோம். ஆயுதக் காயம் மூன்று வகை: வெட்டு, குத்து, அடி. எலும்புக்கூட்டுக்குச் சதை கிடையாது. வெட்டும் குத்தும் பாதிதான் ஏறும். அடி முழுசாக ஏறும்.

ஸ்வப்னாவிடம் கதாயுதம் இருந்தது; ஆனால் அவள் முறை முடிந்துவிட்டது. எனக்கு அரிவாள். நான் கேட்டு வாங்கியதில்லை. அலங்காநல்லூர்க்காரி என்றதும் முதல் நாளே கார்த்திகேஷ் அவனாக என் பாத்திரத்தின் தாளில் எழுதிவிட்டான். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். கற்பனையிலும் கையில் அரிவாளா என்று அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது.

“திருப்பிப் பிடிச்சு பின்பக்கத்தால அடிக்கிறேன்,” என்றேன்.

“அரிவாள்னா வெட்டு, சுபா. ரூல் புக்குல அப்பிடித்தான் இருக்கு.”

“புக்கு எழுதுனவன் அரிவாளப் பாத்திருப்பானா?”

“விதின்னா விதி. உருட்டு.”

நான் உருட்டவில்லை. அப்போது அவன் அம்மா ஹம்சவேணி சமையலறையிலிருந்து வந்து, சௌராஷ்டிர மொழியில் ஏதோ திட்டிக்கொண்டே ஒரு தேங்காயையும் அரிவாளையும் அவனிடம் நீட்டினார். சட்னிக்கு. வாங்கியவன் யோசிக்கவே இல்லை. அரிவாளைத் திருப்பினான்; பின்பக்கத்தால் இரண்டு போடு போட்டான். தேங்காய் பிளந்தது.

“மாப்ள,” என்றாள் ஸ்வப்னா, “தேங்காய்க்கு விழுந்தது வெட்டா, அடியா?”

அவன் தன் கையைப் பார்த்தான். காது சிவந்தது.

“சரி, அடி. ஆனா பின்பக்கத்துக்கு அம்புட்டு வேகம் வராது. நாலு முகப் பகடைதான்.”

மூன்றோ நாலோ விழ வேண்டும்; இல்லையென்றால் அடுத்த அடி எனக்கு. போட்டேன். மேசையில் சிந்தியிருந்த தேங்காய்த் தண்ணீரில் போய் உட்கார்ந்தது பகடை. மூன்று.

எலும்புகள் பொலபொலவென்று உதிர்ந்ததாக அவன் வர்ணித்தான். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நாற்காலியில் சாய்ந்தபோதுதான் முதுகு நனைந்திருந்தது தெரிந்தது. அடுத்த ஞாயிறும் எனக்கு இங்கே இடம் உண்டு.

கார்த்திகேஷ் என் தாளை எடுத்து, வெட்டு என்பதற்குப் பக்கத்தில் எழுதப் போனான்.

“பேனாவக் குடு,” என்று பிடுங்கினேன். அடி என்று நானே எழுதினேன்.

“தேங்கா துருவ யாரு வாரீங்க?” என்றார் ஹம்சவேணி.

“கார்த்தி வாரான் ஆன்ட்டி,” என்றேன்.